மிதிக்காத பெடல்

அத்தியாயம் 9

பேனா எழுதவில்லை என்றதும் அவர் என்னைத்தான் பார்த்தார். நானும் யோசிக்காமல் என் பேனாவை நீட்டினேன். மூடியைக்கூடக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு மனிதர் தன் வேலையை விட்டுப் போவதாகக் கையெழுத்துப் போட இத்தனை உதவி செய்ய வேண்டுமா? நன்றி என்று வேறு சொன்னார். அந்த நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"அக்கா, இறங்குங்க. ஸ்டூடியோ வாசல்ல வண்டி நின்னு எவ்வளவு நேரமாச்சு!"

ஜீனத் ஸ்கூட்டர் கண்ணாடியில் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். நேற்றைய கையெழுத்தையே நினைத்துக்கொண்டிருந்த பெலிண்டா இறங்கினாள்.

"மூஞ்சியைப் பாத்தா நீங்கதான் டிஸ்க்கைத் திருடின மாதிரி இருக்கு. உள்ள போறதுக்குள்ள துப்பறியிற மூஞ்சியா மாத்திக்கங்க. ஃபீஸ் குடுக்கிறவரு பயந்துடப் போறாரு."

"சும்மா வா ஜீனத்."

நேற்று மத்தியானம்வரை பெலிண்டாவுக்கு இது எளிய வழக்காகத்தான் இருந்தது. திருச்சியில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகும் விளம்பரங்களில் பாதிக்கு மேல் அனுசுயாவின் குரல். ஜவுளிக்கடைத் தள்ளுபடியும் பல் டாக்டர் முகாமும் அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். ஸ்டூடியோ முதலாளி ஜெபராஜும், மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் நல்லுசாமியும் சேர்ந்து அவளைப் பக்கம் பக்கமாக வாசிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். அரிசி விளம்பரத்துக்கு என்று அவளிடம் சொன்னார்கள். உண்மையில் கம்ப்யூட்டருக்கு அவள் குரலைப் பழக்குவதற்கு. பழகிவிட்டால் இனி எந்த விளம்பரத்துக்கும் அவள் தேவையில்லை. பதிவு முடிந்த அன்றே, மேஜைமேல் இருந்த ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது. வேறு பிரதியும் இல்லை.

விஷயம் தெரிந்த ஆள்தான் எடுத்திருக்க வேண்டும். பெலிண்டா போட்ட கணக்கு அதுதான். அதைப் பற்றிப் பேசியது ஒரே ஓர் இடத்தில், சத்தம் வெளியே கசியாத கன்ட்ரோல் ரூமில். அங்கே இருந்தது மூன்று பேர். நல்லுசாமிக்கும் ஜெபராஜுக்கும் டிஸ்க் இருந்தால்தான் லாபம். மிச்சம் ரெக்கார்டிஸ்ட் செபஸ்தியான். 'நான் எடுக்கலைங்க மேடம்' என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்துக்கு, ஒப்புக்கொண்டார் என்று பொருள் சொன்னது பெலிண்டாதான். போலீஸுக்குப் போகாமல் இருக்க ராஜினாமா. அதோடு விடவில்லை ஜெபராஜ். ஊரில் இருக்கும் மற்ற ஸ்டூடியோக்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு, அந்த ஆளை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் குரல் விவகாரம் நியாயமா என்று பெலிண்டா யாரிடமும் கேட்கவில்லை. தன்னிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. காணாமல் போனதைத் தேடுவதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது.

கன்ட்ரோல் ரூமில் ஜெபராஜ் மிக்ஸருக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். வேட்டியில் தூசி.

"வாங்க. ஆளைக் கண்டுபிடிச்சுட்டீங்க, சந்தோஷம். டிஸ்க் எங்க? அவன் வீட்ல அரிசிப் பானை வரைக்கும் கவுத்துப் பாத்தாச்சு. ஒண்ணுமில்ல."

"யாரு கவுத்தா?" என்றாள் பெலிண்டா.

"நம்ம பசங்கதான். அவன் வாயே திறக்கல. அவன் சம்சாரம் இருதயமேரிதான் நின்னு அழுதுச்சு."

பெலிண்டா சுவரைப் பார்த்தாள். சுவரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஜெபராஜ் ஒரு வயரைச் செருகிவிட்டு வெளியே வந்தார். வயரின் மறுமுனையில், சோபாவுக்கு முன்னால், தரையில் ஒரு சின்னக் கறுப்புப் பெடல் கிடந்தது.

"இது என்னங்க, தையல் மெஷினா?" என்றாள் ஜீனத்.

"டாக்பேக் சுவிட்சும்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய்ஸ் ரூம்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு நாம இங்க பேசறது கேக்காது. மிக்ஸர்ல இருக்கிற இந்த பட்டனை அமுக்கிக்கிட்டுப் பேசினாத்தான் அவங்க ஹெட்போனுக்குப் போகும். நல்லுசாமி ஐயா சோபாவ விட்டு எந்திரிக்க மாட்டாரு. ஆனா எல்லாத்தையும் அவரேதான் சொல்லணும். அதான் சோபாகிட்ட இன்னொரு சுவிட்சு. காலால மிதிச்சுக்கிட்டுப் பேச வேண்டியது. இன்னிக்கு மதியம் வேற ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு வர்றாரு. இதை மாட்டுறதுக்குக்கூட இப்ப எனக்கு ஆள் இல்ல."

"இது எங்க வாங்கினது?"

"வாங்கறதாவது! மாதா கோயில் கீபோர்டோட பெடல். செபஸ்தி ஞாயித்துக்கிழமை கொயருக்கு வாசிக்கிறவன்ல? அங்கேர்ந்து கொண்டாந்து மாட்டினான். போறப்ப மறந்துட்டுப் போயிட்டான்."

மறக்கவில்லை. அவர் குனிந்து எதையோ எடுக்கப் போனபோது, எதையும் தொடாதீர்கள் என்று சொன்னது யார்?

"மாட்டி என்ன புண்ணியம்?" ஜெபராஜ் பேசிக்கொண்டே போனார். "அன்னிக்கு அந்த அனுசுயாவுக்கு அவ்வளவு திமிரு. ஐயா மிதிச்சு மிதிச்சுப் பேசறாரு, பதிலே சொல்லல. ஆனா கெட்டிக்காரி. ரெண்டாவது வரி கொஞ்சம் சோகமா இருக்குன்னு நாங்க எங்களுக்குள்ளதான் பேசிக்கிட்டோம். சொல்றதுக்கு முன்னாடியே திருத்திப் படிச்சிடுச்சு. அதுவும் இந்த ஸ்பீக்கரு, அன்னிக்குக் காலைலேர்ந்தே சத்தம் கம்மி. இதை இது வரைக்கும் திருகி வெச்சுக்கிட்டுக் கேட்டோம்."

அவர் காட்டிய குமிழ், வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

"தங்கச்சி, உள்ள போய் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காரு. டெஸ்ட் பண்ணிடலாம்."

ஜீனத் வாய்ஸ் ரூமுக்குள் போய்க் கனமான கதவைச் சாத்திக்கொண்டாள். ஹெட்போன் மாட்டியதும் அவள் குரல் இங்கே ஸ்பீக்கரில் வந்தது. "அக்கா, இதுக்குள்ள ஏசியே இல்ல. இங்க உக்கார வெச்சாப் போதும், எந்தத் திருடனும் ஒத்துக்குவான்."

ஜெபராஜ் சோபாவில் உட்கார்ந்து காலை ஓங்கினார். "தங்கச்சி, இப்ப மிதிக்கப் போறேன். கேட்டா கையைத் தூக்கு."

அவர் பாதம் இறங்க, கண்ணாடிக்கு அப்பால் ஜீனத் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"பாத்தீங்களா? அன்னிக்கும் செபஸ்திய உள்ள உக்கார வெச்சு இப்படித்தான் டெஸ்ட் பண்ணினோம். பட்டுன்னு கையைத் தூக்கினான்." அவர் செல்ஃபோன் அடித்தது. "ஐயாதான்" என்று எழுந்து வெளியே போனார்.

அறையில் பெலிண்டா மட்டும் இருந்தாள். செபஸ்தியான் உட்காரும் நாற்காலியின் சாய்மானத்தில் ஒரு துண்டு கிடந்தது. அதையும் அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. இருதயமேரி எந்தப் பானையை முதலில் நிமிர்த்தியிருப்பாள்?

"தப்பான ஆளை அனுப்பிட்டேனோ" என்றாள் வாய்க்குள்ளேயே.

"எனக்கும் அப்படித்தான்க்கா தோணுது" என்றது ஸ்பீக்கர். "ஆனா நீங்க கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்."

பெலிண்டா திடுக்கிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜீனத் நாற்காலியில் அரைவட்டம் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் உன்கிட்ட சொல்லலையே."

"பின்ன யார்கிட்ட சொன்னீங்க? அங்க வேற யாரு இருக்கா?"

பெலிண்டா குனிந்து பார்த்தாள். பெடல் சோபாவுக்கு முன்னாலேயே கிடந்தது. அதன்மேல் யார் காலும் இல்லை. அருகே போய் மிதித்தாள். ஸ்பீக்கரின் லேசான இரைச்சல் சட்டென்று பெரிதானது.

"ஜீனத், கேக்குதா?"

ஜீனத் துப்பட்டாவின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜீனத், உனக்குப் பிரியாணி வாங்கித் தரேன்."

நூல் இன்னும் கொஞ்சம் நீண்டது. பெலிண்டா காலை எடுத்தாள். இரைச்சல் அடங்கியது.

"இப்ப?"

"கேக்குதுக்கா. நடுவுல ஏன் மீன் மாதிரி வாயை மட்டும் அசைச்சீங்க?"

"பிரியாணி வாங்கித் தரேன்னு சொன்னேன்."

"அடப்பாவமே, அது மட்டும் கேக்காமப் போச்சே!"

பெலிண்டா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். கல்லூரி நாட்களில் அவளும் கொயரில் கீபோர்டு வாசித்தவள்தான். ஆன் செய்யும்போது பெடல்மேல் கால் வைத்தால் மாஸ்டர் கத்துவார். ஏன் என்று அவள் அப்போது கேட்டதில்லை, இன்றுதான் புரிந்தது. ஆன் ஆகும் நொடியில் பெடல் எப்படி இருக்கிறதோ, அதைத்தான் மிதிக்காத நிலை என்று கீபோர்டு எடுத்துக்கொள்ளும். நேர்ப் பெடலோ தலைகீழ்ப் பெடலோ, அது தன்னைச் சரி செய்துகொள்ளும். அதனால் கோயிலில் வாசிக்கிற யாருக்கும் தங்கள் பெடல் தலைகீழ் என்பது கடைசிவரை தெரியாது. மிக்ஸருக்கு அந்த அறிவு கிடையாது. இந்தப் பெடல் மிதித்தால் குரலை அடைக்கும். விட்டால் திறக்கும்.

இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இங்கிருந்து யாராவது வாய்ஸ் ரூமுக்குள் பேசும்போது ஊளையிடாமல் இருக்க ஸ்பீக்கர் சத்தம் தானாகக் குறையும் என்று நேற்று ஜெபராஜ் பெருமையாகச் சொல்லியிருந்தார். அன்று முழுக்கச் சத்தம் குறைவு. நல்லுசாமி மிதித்துப் பேசியதற்குப் பதில் இல்லை. தங்களுக்குள் பேசியதற்குப் பதில் இருந்தது. அந்த டெஸ்ட்கூட! மிதிக்கப் போகிறேன், கையைத் தூக்கு என்று சொன்னது மிதிப்பதற்கு முன்னால். சத்தமே போகாத அறைக்குள் இருக்கிற ஆளுக்கு அது எப்படிக் கேட்டது?

மூன்று பேர் என்று எண்ணினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவளை நான் ஆளாகவே எண்ணவில்லை.

ஜெபராஜின் செருப்புச் சத்தம் கேட்டது. பெலிண்டா மிக்ஸருக்குப் பின்னால் கைவிட்டு வயரைப் பிடுங்கி, பெடலைச் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

"அதை ஏன் எடுக்கிறீங்க?" என்றார் ஜெபராஜ், உள்ளே வந்ததும்.

"கோயில் சொத்துங்க" என்றாள் வெளியே வந்த ஜீனத். "அடுத்தவங்க சாமி பொருளை வெச்சிருந்தா வியாபாரம் படுத்துடும். எங்க சாச்சா அப்படித்தான் படுத்தாரு."

* * *

பாலக்கரை தாண்டும்வரை பெலிண்டா சொல்லிக்கொண்டே வந்தாள். ஜீனத் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

"அப்ப அனுசுயாவுக்கு எல்லாமே கேட்டிருக்கு."

"எல்லாமே."

"நீங்க அவங்ககிட்ட விசாரிச்சப்ப ஒண்ணும் சொல்லலையே?"

"விசாரிக்கவே இல்ல. அவங்களுக்குத்தான் எதுவும் தெரியாதேன்னு விட்டுட்டேன்."

"அக்கா, ஒரு சந்தேகம். தப்பு பெடலோடதா, உங்களோடதா?"

"வண்டியைப் பாத்து ஓட்டு."

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் ஒரு ஆட்டோ முன்னால் நின்றது. அதன் கூரையிலிருந்து அனுசுயாவின் குரல் கொட்டிக்கொண்டிருந்தது. கட்டில், பீரோ, மிக்ஸி, எல்லாம் தவணையில், வாங்க வாங்க என்று சிரித்தபடி கூப்பிட்டது. பூக்காரிகூட அதன் தாளத்துக்குத் தலையை ஆட்டினாள். பச்சை விழுந்தது. வண்டி காவிரிப் பாலத்தில் ஏறியது. தண்ணீரைப் பார்த்ததும் ஜீனத் கேட்டாள்.

"டிஸ்க்கை ஆத்துல போட்டிருப்பாங்களோ?"

போட்டிருந்தால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது பெலிண்டாவுக்கு. யாருக்கு நல்லது என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடிப் போர்ஷன். கதவைத் திறந்த அனுசுயாவுக்கு நாற்பது வயது இருக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க. உக்காருங்க." அந்த ஊரறிந்த குரல் வீட்டில் பாதியாக இருந்தது. "நீங்க வருவீங்கன்னு தெரியும். நேத்தே வருவீங்கன்னு நெனச்சேன்."

பெலிண்டா பையிலிருந்து பெடலை எடுத்துத் தரையில் வைத்தாள். அனுசுயா அதைப் பார்த்தாள். ஒளிக்கவில்லை.

"நான்தாங்க எடுத்தேன். அவங்க டீ குடிக்க வெளிய போனாங்க. செபஸ்தியான் சார் சர்ச் மணி அடிச்சதும் ஜெபம் பண்ண பால்கனிக்குப் போனாரு. உள்ள போய் எடுத்துச் சாப்பாட்டுப் பையில போட்டுக்கிட்டேன்."

"என்ன கேட்டுச்சு உங்களுக்கு?" என்றாள் ஜீனத்.

"முதல்ல கசகசன்னு இருந்துச்சு. ஹெட்போன்ல ஏதோ சத்தம்னு சொன்னேன், யாரும் கண்டுக்கல. அப்புறம் என் பேரு கேட்டுச்சு. நான் கேக்கணும்னுதான் சொல்றாங்கன்னு நெனச்சேன். இந்த மூணு நாளோட சரி, அப்புறம் இந்தம்மா தும்மினாக்கூட நமக்கு வேணாம், மிஷினே பேசிடும்ன்னாரு மில்காரரு. அதுக்குத் தெரியாதுல்லன்னாரு ஜெபராஜ் சார். தெரிஞ்சா வருமான்னு சிரிச்சாங்க. ஹெட்போன்ல கேக்கறப்ப வெளியேர்ந்து வர்ற மாதிரி இருக்காதுங்க. தலைக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கும்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"படிச்சேன். இன்னும் நாலு பக்கம் இருந்துச்சு. 'உங்கள் இல்லம் தேடி மகிழ்ச்சி வருகிறது'ன்னு ஒரு வரி. நல்லாப் படிச்சேன்னு நினைக்கிறேன். இந்த வரி அருமைன்னாங்க."

குக்கர் விசில் அடித்தது. அனுசுயா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"செபஸ்தியானுக்கு வேலை போயிடுச்சு" என்றாள் பெலிண்டா. "நான் சொல்லித்தான். நீங்க எடுத்ததுக்கு அவர். தலைகீழ்ப் பெடலை மாட்டினது மட்டும்தான் அவர் செஞ்சது. அதுவும் தெரியாம."

அனுசுயா அவளை நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகம் கலைந்தது.

"தெரியாமன்னு யார் சொன்னா?"

பெலிண்டா தரையில் இருந்த பெடலைப் பார்த்தாள்.

"மாட்டினப்ப தெரியாது. மத்தியானம் தெரிஞ்சுபோச்சு. நான் படிச்சிட்டிருக்கறப்ப கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கண்ணாடி வழியா அவர் பாத்தாரு. அப்புறம் அந்தக் குமிழைப் பாத்தாரு. குனிஞ்சு மில்காரர் காலைப் பாத்தாரு. கால் பெடல் மேல இல்ல. திரும்ப என்னைப் பாத்தாரு. அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். அவர் வயரைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. செய்யல. மெதுவாக் காலாலயே அந்தப் பெடலை இழுத்துத் தன் நாற்காலிக்கு அடியில தள்ளிக்கிட்டாரு, வேற யாரும் மிதிச்சுடாத மாதிரி. ஐயா சொல்ல வேண்டியதை நானே பட்டன்ல சொல்லிடறேன்னாரு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை விடாம எனக்குக் கேட்டுச்சு."

நேற்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதரைப் பெலிண்டா இப்போதுதான் பார்த்தாள். எடுக்கவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியவில்லை. அந்த இடைவெளியில் அவள் தன் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டுபோய்ச் செருகியிருந்தாள். விஷயம் அவர் வழியாகத்தான் வெளியே போனது என்ற அளவில் அவள் கணக்கு சரிதான். சரியாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

அவள் அவசரமாகப் பேச ஆரம்பித்தாள்.

"அனுசுயா, டிஸ்க்கை என்கிட்ட குடுத்துடுங்க. சோபா இடுக்குல விழுந்து கிடந்துச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். உங்க பேரு வராது. செபஸ்தியான் திரும்ப வேலைக்குப் போயிடலாம். யாரும் எடுக்கலைன்னு ஆயிடும்."

"யாரும் எடுக்கலைன்னு ஆயிட்டா," அனுசுயா யோசித்து யோசித்துச் சொன்னாள், "நீங்களும் தப்பாச் சொல்லலைன்னு ஆயிடும். வெறும் குழப்பம்தான்னு ஆயிடும். இல்லைங்களா?"

பெலிண்டா ஜீனத்தைப் பார்த்தாள். ஜீனத் தன் செருப்பை எங்கே விட்டோம் என்று தேடுவதுபோல வாசலைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள் பெலிண்டா.

"கோவமாச் சொல்லலைங்க. எனக்கும் அதே எண்ணம்தான். நேத்து அவருக்கு வேலை போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். உடனே ஓடியிருக்கணும். ஓடல. சோறு வடிச்சேன், துணி துவைச்சேன். அவரே ஏதாவது சொல்லித் தப்பிச்சுக்குவாருன்னு நெனச்சுக்கிட்டேன். ராத்திரி படுத்தா அந்த மூஞ்சிதான் வருது." அவள் எழுந்தாள். "இப்ப வரேன். உங்ககூடவே வரேன். ஜெபராஜ் சார் முன்னாடி நின்னு, நான்தான் எடுத்தேன், செபஸ்தியான் சாருக்கு இதுல சம்பந்தமே இல்லன்னு சொல்றேன். எந்தெந்த ஸ்டூடியோவுக்கு ஃபோன் போட்டாரோ, அங்கெல்லாம் திருப்பிப் போட்டுச் சொல்ற வரைக்கும் அங்கேயே நிக்கிறேன்."

"சம்பந்தமே இல்லைன்னா, அவர் பெடலைத் தள்ளினது?"

"நான் பாக்கலையே" என்றாள் அனுசுயா. "நீங்க பாத்தீங்களா?"

"போலீஸுக்குப் போவாரு" என்றாள் ஜீனத் மெதுவாக.

"போகட்டும். என்ன காணாமப் போச்சுன்னு அவரு எழுதிக் குடுக்கணும்ல? எழுதட்டும்."

அவள் கொடியிலிருந்து ஒரு புடவையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். உள்ளறைக் கதவருகே நின்று, "அஞ்சு நிமிஷம். மாத்திக்கிட்டு வந்துடறேன்" என்றாள். அறைக்குள், அலமாரியின் மேல்தட்டில், சாப்பாட்டுப் பையின் காது தெரிந்தது.

கேட்கக் கூடாது என்று தெரிந்துதான் பெலிண்டா கேட்டாள். மன்னார்புரம் ஸ்டூடியோவரை அந்தப் பையோடு போனால் எல்லாம் இன்றைக்கே முடிந்துவிடும். ஜெபராஜ் கத்த மாட்டார். இவள் மேல் வழக்கு வராது. இன்று இரவு தானும் தூங்கிவிடலாம்.

"வரும்போது அதையும் எடுத்துக்கிட்டு வந்துடுங்க அனுசுயா."

அனுசுயா அந்தப் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்லைங்க" என்றாள், மறுசோறு வேண்டாம் என்று சொல்வதுபோல. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.